நஞ்சைக்காரனும் ஹால் செடிகளும்

தஞ்சாவூர்ப் பக்கத்து மாப்பிள்ளைக்கும் கோவில்பட்டிப் பெண்ணுக்கும் கல்யாணம் பேசும்போது ஜாதகம் பார்க்கிறார்கள், குடும்பம் பார்க்கிறார்கள், பாசனம் பார்ப்பதில்லை. பார்த்திருக்க வேண்டும். நான் ஜூன் 12 ஆனால் மேட்டூர் திறக்கும், வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று நம்பி வளர்ந்தவன். என் மனைவி ஐப்பசியில் ஒரு மழை, கார்த்திகையில் ஒரு மழை, மிச்சத்தைக் கரிசல் மண் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வளர்ந்தவள். நான் நஞ்சை, அவள் மானாவாரி. இந்த வித்தியாசம் சாம்பாரில் தெரியவில்லை. பிள்ளை வளர்ப்பில்கூடத் தெரியவில்லை. ஹாலில் செடி வைத்தோம், தெரிந்துவிட்டது.

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட் எங்களுடையது. வீட்டு வேலைகளில் எனக்கு அனுமதி உள்ளவை கம்மி. நான் தேய்த்த பாத்திரம் மறுபடி தேய்க்கப்படும். நான் மடித்த துணி என் கண்ணெதிரிலேயே உதறப்பட்டு மறுபடி மடிக்கப்படும். நான் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்த கத்திரிக்காயைப் பற்றி இங்கே பேச வேண்டாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான் திருத்தத்துக்கு இடம் கொடுக்காத வேலை. ஊற்றியதைத் திரும்ப எடுத்து யாரும் மறுபடி ஊற்ற முடியாது பாருங்கள். அந்தத் தைரியத்தில் காலை காபி முடிந்ததும் பித்தளைச் சொம்போடு கிளம்பிவிடுவேன். தொட்டிக்கு ஒரு சொம்பு. மண் நனையும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், கூடவே ஒரு வாசனை வரும், அந்த ஒரு நிமிஷம் மனுஷன் மிராசுதார் ஆகிவிடுவான். தாத்தா சேர்த்த நிலத்தை அப்பா விற்றுவிட்டார். என் தலைமுறைக்கு மிஞ்சியது இந்த அஞ்சு தொட்டிதான்.

டி.வி. பக்கத்தில் பீஸ் லில்லி. ஜன்னலோரம் இலையெல்லாம் கிழிந்து கிழிந்து இருக்குமே, அந்த மான்ஸ்டெரா. செருப்பு அலமாரி மேல் இசட்இசட். பூஜை அலமாரிக்கு வெளியே ஸ்நேக் பிளான்ட். ஒரு தென்னைநார்க் கம்பில் மணி பிளான்ட். வாங்கும்போது நர்சரிக்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"இதெல்லாம் எந்த ஊருச் செடி?"

"எல்லாம் டிராபிக்கல் சார்."

அதோடு எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. டிராபிக்கல் என்றால் மழைக்காடு. மழைக்காடு என்றால் நாள் தவறாமல் மழை. இந்த ஹாலில் மழை என்றால் நான். ஆட்டோவில் ஏற்றும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "தண்ணி மட்டும் பார்த்து ஊத்துங்க சார்." பார்த்துத்தான் ஊற்றினேன். ஒரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றியதில்லை.

"போதுங்க, நேத்து ஊத்துன தண்ணியே இன்னும் காயல" என்பாள் மனைவி. காய்வதற்கு ஏன் விட வேண்டும் என்பது டெல்டா கேள்வி. காயாமல் என்ன செய்யும் என்பது கரிசல் பதில். கல்யாண வீட்டில் நாம் சாப்பிடும்போது போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தால் பரிமாறுகிறவர் கொஞ்சமாவது தயங்குவார். இந்தச் செடிகளுக்கு இத்தனை இலை இருந்தும் ஒரு இலையையும் மறைக்கத் தெரியவில்லை. பாரி வள்ளல்கூட முல்லைக்குத் தேர்தான் கொடுத்தான். தண்ணீர் ஊற்றியதாக எங்கும் குறிப்பில்லை. அதனால்தான் அந்த முல்லை பிழைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் மான்ஸ்டெரா கண்ணீர் விட்டது. நிஜமாகவே. காலையில் பார்த்தால் இலை நுனியில் முத்து முத்தாகத் தண்ணீர், கீழே டைல்ஸிலும் சொட்டு. "பார், ஆனந்தக் கண்ணீர்" என்று வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மண்ணில் ஈரம் கூடுதலாக இருந்து, ராத்திரி காற்றிலும் ஈரப்பதம் இருந்தால், வேர் ஏற்றிவிட்ட தண்ணீர் போக வழியில்லாமல் இலை ஓரத்தில் இப்படிக் கசியும் என்பது பிறகு தெரிந்தது. எப்போதாவது கசிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் கசிந்தால் செடி ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். எனக்கு அது நன்றி சொல்வதாகவே பட்டது.

அடுத்து பீஸ் லில்லி தலை தொங்கியது. இந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் போதவில்லை என்றால் நாடகத்தில் மயங்கி விழுகிற கதாநாயகி அளவுக்குச் சாயும், ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த ஒரு காட்சியைப் பார்த்தவன் ஆயுசுக்கும் கெட்டான். அதற்கப்புறம் அது எதற்காகத் தலை தொங்கினாலும் கை சொம்பைத் தேடும். மண் சொதசொதவென்று இருக்கும், இலை துவண்டிருக்கும், நான் ஊற்றுவேன். இன்னும் துவளும். இன்னும் ஊற்றுவேன். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்று பார்த்துவிடுவது என்றே இருந்தோம்.

அடி இலைகள் மஞ்சளாயின. உடனே வைத்தியர்கள் வந்துவிட்டார்கள். மாமியார், "சத்துப் பத்தல மாப்ள, புளிச்ச மோரு ஊத்துங்க" என்றார். என் அண்ணன் திருச்சியிலிருந்து போனில் டி.ஏ.பி. என்றார். மகள் எப்சம் உப்பு என்றாள். எல்லோருக்கும் மரியாதை கொடுக்கிற குடும்பம் எங்களுடையது. எல்லாவற்றையும் போட்டோம். ஏற்கெனவே அழுகுகிற வேருக்கு உரம் போட்டால் அந்த உப்பு மிச்சமிருக்கிற நல்ல வேரையும் கருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. மோர் மட்டும் ஹாலுக்கு ஒரு வாரம் பழைய மோர்க்குழம்பு வாசனையைக் கொடுத்தது.

மர்மம் உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பீஸ் லில்லியைச் சுற்றி எல்லோரும் துக்கம் விசாரிக்கிற தோரணையில் நின்றிருந்தோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "பாவம் சார், இந்த வூட்ல யாருமே இதுக்குத் தண்ணி ஊத்தறதில்ல. நான்தான் தெனம் தொடைச்சு முடிச்சதும் ஒரு மக்கு ஊத்துவேன்" என்றார். மாமியார் திடுக்கிட்டு, "ஏம்மா, நானுல்ல தெனமும் அரிசி களைஞ்ச தண்ணி ஊத்துதேன்" என்றார். ஜிம்மிலிருந்து வந்து பாட்டிலில் மிச்சமிருப்பதைத் தான் அதில்தான் கவிழ்ப்பதாக மகள் மெதுவாகச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொம்பு கையில் இருந்தது.

ஒவ்வொருத்தரும் அந்த வீட்டில் தான் ஒருத்திதான் இரக்கம் உள்ளவள் என்று நினைத்துக்கொண்டு ஊற்றியிருக்கிறார்கள். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளெல்லாம் வறண்டு கிடந்தன, ஞாபகம் இருக்கும். தெருவில் லாரி வந்தால் குடத்தோடு ஓடினோம், குளிக்க ஒரு பக்கெட் என்று கணக்கு வைத்தோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த மணி பிளான்ட் அந்தக் கோடையில்தான் கிரில் வரை ஏறிப் பெரிய பெரிய இலை விட்டது. செம்பரம்பாக்கம் நிரம்பியதும் செத்துப்போனது. ஏன் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையே கொசு. கொசு என்றுதான் நினைத்தேன். பொடிப்பொடியாகக் கறுப்பு, ரசத்தில் வந்து விழும், மூக்குக்குள் போகும், கடிக்காது. கொசு பேட்டால் அடித்தேன், அவ்வளவு சின்ன உருவத்துக்கு அந்த வலைக்கண்ணியில் தாராளமாகப் போய்வர இடமிருந்தது. இது தொட்டி மண்ணின் மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருந்தால் முட்டையிட்டுப் பெருகும் ஈ வகை. அதன் புழு மண்ணில் பூஞ்சையைத் தின்னும், அப்படியே பிஞ்சு வேரையும் தின்னும். மேல் மண் ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் காய்ந்தால் போதும், அதன் வம்சம் நின்றுவிடும். நான் அதைச் செய்யாமல், மஞ்சள் நிற ஒட்டு அட்டை வாங்கி வந்து தொட்டிக்கு ஒன்று குத்தினேன். மஞ்சளைப் பார்த்ததும் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது. குனிந்து எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்த என் வழுக்கையும் ஒட்டிக்கொண்டது. நல்லெண்ணெய் போட்டால் அந்தப் பசை விடும். யாருக்காவது உபயோகப்படட்டும் என்று சொல்லி வைக்கிறேன்.

ஸ்நேக் பிளான்ட்தான் சபையில் மானத்தை வாங்கியது. சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். கேசரி கொடுத்துவிட்டு நான் செடி வளர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன். ஆள் உயரத்துக்கு நின்ற செடி சத்தமே இல்லாமல் மெதுவாகச் சாய்ந்து சம்பந்தியம்மாள் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டது. வேரோடு சாய்ந்தது என்று சொல்ல முடியாது. வேரே இல்லை. மாமியார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்மூரு மருளு சாதியில்ல? வேலியோரம் தன்னால கெடக்கும். இதுக்குப் போயி எவனாச்சும் தண்ணி ஊத்துவானா?" என்றார். சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன்.

எதிர் ஃபிளாட்டில் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். மறுநாள் மனைவி அவரை அழைத்து வந்துவிட்டாள். அவர் தொட்டியை மோந்து பார்த்தார். எடுத்த எடுப்பில் என்னைக் குறை சொல்லாத மனிதர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருத்தர்தான்.

"சார், வேர் தண்ணி குடிக்கிறது மட்டும் இல்ல. மூச்சும் விடணும்" என்றார்.

"நெல்லு?" என்றேன். தஞ்சாவூர்க்காரனிடம் இந்தப் பேச்சை ஆரம்பித்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். நெல்லுக்குத் தண்டுக்குள்ளேயும் வேருக்குள்ளேயும் காற்று இறங்கும் குழாய் இருக்கிறதாம். தாமரைத் தண்டை ஒடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியுமே, அந்த ஏற்பாடு. அதனால் அது சேற்றில் நின்றாலும் மேலேயிருந்து காற்று வாங்கிக்கொள்ளும். ஹால் செடிகளுக்கு அந்த வசதி கிடையாது. மண்ணில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள இண்டு இடுக்கில் தங்கும் காற்றுதான் அவற்றுக்கு. சொம்பு சொம்பாக ஊற்றினால் அந்த இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பிவிடும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் பரவுவது சுமார் 10,000 மடங்கு மெதுவு. வேர் திணறிச் சாகும். செத்ததைத் தின்ன பித்தியம், பைட்டாப்தோரா என்று வரும். "மஞ்சள்ல கிழங்கு அழுகல் வருதே, வெத்தலைக் கொடிக்கால்ல வாடல் வருதே, அந்தக் கூட்டம்தான் சார் உங்க ஹால்லயும். அதோட வித்து தண்ணியில நீந்திப் போய் வேரைப் பிடிக்கும்." அதாவது நான் தினமும் காலையில் அவர்களுக்கு நீச்சல் குளம் நிரப்பிக்கொண்டிருந்தேன். வேர் அழுகியபின் தண்ணீரை உறிஞ்ச ஆளில்லை, அதனால்தான் வெள்ளத்தில் நின்றுகொண்டே இலை தாகத்தில் வாடுகிறது. தலை தொங்கினால் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் தாகம். ஈரமாயிருந்தால் நான்.

நான் விடவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெறும் தண்ணீரில் மணி பிளான்ட் ஜோராக இருப்பதைக் காட்டினேன். அவர் அதற்கும் அசரவில்லை. அந்த வேர் தண்ணீரிலேயே பிறந்தது, அதற்கு ஏற்ற மாதிரி வளர்ந்தது, பாட்டிலில் அழுகுவதற்கு எருவும் சருகும் கிடையாது, மேலே காற்று பட்டுக்கொண்டே இருக்கிறது என்றார். மழைக்காடு வாதத்தையும் உடைத்தார். மணி பிளான்ட் பசிபிக் கடலில் மூரேயா தீவுச் செடி, மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை உள்ள காட்டுச் செடி. இரண்டும் மரத்தைப் பிடித்து ஏறுகிறவை. மழை பட்டையில் வழிந்து அடுத்த நிமிஷம் போய்விடும், வேரைச் சுற்றி எப்போதும் காற்று. இசட்இசட் கிழக்கு ஆப்பிரிக்கா, ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்கா. மாதக்கணக்கில் மழையே இல்லாவிட்டாலும் கிழங்கிலும் இலையிலும் சேர்த்து வைத்ததைக் குடித்துக்கொண்டு கிடக்கும். "மழைக்காட்டுல மழை பெய்யும் சார். ஆனா தொட்டி கிடையாது."

கடைசி ஆயுதமாக, தொட்டி அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு கை உயரம் ஜல்லி போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒன்று கேட்டார். அதைத் தண்ணீரில் நன்றாக முக்கி, அகலவாட்டில் படுக்கையாகப் பிடித்தார். சொட்டிச் சொட்டி நின்றுவிட்டது. "வடிஞ்சிடுச்சா?" "வடிஞ்சிடுச்சு." அதே ஸ்பாஞ்சை அப்படியே செங்குத்தாகத் திருப்பினார். கடகடவென்று இன்னும் கொஞ்சம் கொட்டியது. எந்த மண்ணிலும் அடியில் ஒரு பட்டை ஈரம் வடியாமல் தங்கும். பொடி மண்ணிலிருந்து தண்ணீர் சட்டென்று ஜல்லிக்குள் இறங்காது, மண் முழுக்க ஊறினபிறகுதான் சொட்டும். ஜல்லி போட்டால் அந்த ஈரப் பட்டை கீழே போவதில்லை, மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் மழைத்தண்ணீர் சேகரிப்பு செய்து வைத்திருந்தேன். மனைவி ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே இன்னொரு தடவை அதைத் திருப்பிக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஆபரேஷன் நடந்தது ஹாலில்தான். பழைய பேப்பரை விரித்தோம். பீஸ் லில்லி இருந்தது நான் ஓய்வு பெற்றபோது ஆபீஸில் கொடுத்த பீங்கான் தொட்டியில். எத்தனை ஊற்றினாலும் ஒரு சொட்டு வெளியே வராது, எவ்வளவு நல்ல தொட்டி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அடியில் ஓட்டையே கிடையாது. உள்ளேயிருந்த நர்சரித் தொட்டியைத் தூக்கினால் கீழே மூன்று விரல் உயரத்துக்குக் கறுப்பாக ஒன்று. சாக்கடை என்று எழுதினால் சாக்கடை கோபித்துக்கொள்ளும். மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

மண்ணை உதறி, குழாயடியில் வேரைக் கழுவினோம். நல்ல வேர் வெள்ளையாக, சேமியா மாதிரி இல்லை, அதைவிடத் தடியாக, விரலால் நிமிண்டினால் விறைப்பாக இருந்தது. கெட்ட வேர் காப்பிக் கலரில் இருந்தது. அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக இழுத்தால் மேல் தோல் உறை கழன்று கையோடு வந்துவிடும். உள்ளே தையல் நூல் மாதிரி ஒரு இழை மட்டும் மிச்சம். தொட்டுப் பார்க்கிறவரை நம்ப முடியாது. பத்தில் எட்டு அப்படித்தான் வந்தது. அதையெல்லாம் வெள்ளை தெரிகிறவரை வெட்டித் தள்ள வேண்டும். நான் பரபரப்பில் கையில் கிடைத்ததை எடுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். அது மனைவியின் தையல் கத்தரிக்கோல். பேப்பர் வெட்டினாலே வீட்டை இரண்டாக்குகிற கத்தரிக்கோல். அதற்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தை முழுக்க கோவில்பட்டி வழக்கில் நடந்ததால் எழுத முடியாது.

வேர் குறைந்தால் இலையும் குறைய வேண்டும் என்று பாதி இலையை வெட்டச் சொன்னார் அதிகாரி. கொரோனா காலத்து சானிடைசரால் ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலைத் துடைக்கச் சொன்னார். டிரைக்கோடெர்மா விரிடி என்று ஒரு பொடி, உரக்கடையில் கிடைக்கும், விவசாயிகள் அழுகலுக்குப் போடுவது, அதைப் புது மண்ணில் கலக்கச் சொன்னார். நான் நோயாளி வசதியாக இருக்கட்டுமே என்று பெரிய தொட்டி எடுத்து வந்தேன். அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பெரிய தொட்டியில் மண் அதிகம், மண் பிடிக்கும் தண்ணீர் அதிகம், குடிக்க இருப்பது நாலு வேர். மிச்சமிருக்கும் வேர் அளவுக்குத்தான் தொட்டி. உரம் கூடாது. நேர் வெயில் கூடாது, நல்ல வெளிச்சம் வேண்டும். புதுத் தளிர் விடுகிறவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு மட்டும் மனைவி சொம்பைப் பரணில் தூக்கி வைத்தாள்.

மான்ஸ்டெராவுக்கு வேரே மிஞ்சவில்லை, ஆனால் மேல் தண்டு பச்சையாக இருந்தது. கணுவோடு வெட்டித் தண்ணீரில் போட்டோம். கணு முக்கியம், அது இல்லாமல் இலையை மட்டும் போட்டால் இலை நாளாவட்டத்தில் இலையாகவே காலமாகும். இசட்இசட்டின் கிழங்கு கூழாகியிருந்தது. நல்ல இலைகளை மணலில் செருகினால் சில மாதங்கள் கழித்து அடியில் பட்டாணி மாதிரி கிழங்கு கட்டுகிறது. அதைத் தோண்டித் தோண்டிப் பார்த்த குற்றத்துக்காக மணல் தட்டும் பரணுக்குப் போனது.

பிறகு நான் விஞ்ஞானத்துக்கு மாறினேன். ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். ஒரே மண்ணில் இங்கே குத்தினால் வறட்சி, அங்கே குத்தினால் வெள்ளம். சந்தேகம் தீர என் ஃபில்டர் காபியில் குத்திப் பார்த்தேன், சுமாரான ஈரம் என்றது. மலிவு மீட்டர்கள் பெரும்பாலும் மண்ணில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை வைத்துத்தான் சொல்கின்றன. உரம் போட்ட மண்ணில் ஒன்று சொல்லும், கரித்துண்டும் மட்டைச் சில்லும் கலந்த மண்ணில் வேறொன்று சொல்லும். தொட்டியைத் தூக்கி எடை பார்க்கும் முறை நல்ல முறை. ஊற்றியதும் ஒரு தடவை, காய்ந்ததும் ஒரு தடவை தூக்கினால் கைக்கே தெரிந்துவிடும். மணி பிளான்ட் தொட்டியை அப்படித் தூக்கியதில் எனக்குத் தெரிந்தது இடுப்பு.

கடைசியில் வேலைக்கு ஆனது ஊதுவத்திக் குச்சி. எரிந்து முடிந்த குச்சி எந்த வீட்டில் இல்லை? அடியில் மிஞ்சும் மூங்கில் துண்டைத் தொட்டி ஓரமாக உள்ளே போகிறவரை இறக்கி, பத்து நிமிஷம் விட்டு உருவிப் பார்க்க வேண்டும். நிறம் மாறி, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்றக் கூடாது. காய்ந்து வந்தால் ஓட்டை வழியாக வடிகிற அளவுக்கு ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிட வேண்டும். கிழமை பார்த்து ஊற்றுவது கூடாது. ஏப்ரல், மே மாதத்தில் ஜன்னலோரச் செடி குடிப்பது வேறு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சுவரே ஈரமாக இருக்கும் மழைக்காலத்தில் டி.வி. மூலையில் அதே செடி குடிப்பது வேறு. வெளிச்சம் குறைந்தால் குடியும் குறையும். செடியைச் சொல்கிறேன்.

ஆனால் குச்சி காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பவன் நான். காயாத குச்சியும் எனக்குக் கொஞ்சம் காய்ந்தமாதிரித்தான் தெரியும். இதை என் மனைவி முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நாள் வந்து பார்க்கிறேன், பீங்கான், பிளாஸ்டிக் எல்லாம் போய் அத்தனையும் மண் தொட்டி. பக்கவாட்டிலேயே ஈரம் ஆவியாகும். உள்ளே மண் என்று சொல்லும்படி அதிகம் இல்லை. கோகோபீட் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, மிச்சமெல்லாம் பெர்லைட், கரித்துண்டு, தேங்காய் மட்டைச் சில்லு, சொரசொர மணல். ஒரு டம்ளர் ஊற்றினேன், ஊற்றுகிற வேகத்திலேயே அடியில் ஓடிவந்துவிட்டது.

"உங்களை மாத்த முடியாது. அதான் மண்ணை மாத்திட்டேன்" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேலான தாம்பத்தியத்தில் என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அதிகாரியும் ஒத்துக்கொண்டார். ஊற்றுகிற கை நிற்காத வீட்டில் சீக்கிரம் வடிகிற கலவைதான் ஒரே காப்பு என்றார். திருக்குறளில் உழவு அதிகாரத்தில் தண்ணீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காவல் காப்பது நல்லது என்று வருகிறது. ஆடு மாட்டிடமிருந்து காப்பது என்று உரைகாரர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்தக் காவல் யாரிடமிருந்து என்று கேட்காதீர்கள்.

பீஸ் லில்லி பிழைத்துவிட்டது. இரண்டு புது இலை. மான்ஸ்டெரா பாட்டிலில் வெள்ளை வேர் விட்டிருக்கிறது. ஸ்நேக் பிளான்ட் மாமியார் பொறுப்பில், அவர் ரூம் ஜன்னலில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் செழிப்பாக இருக்கிறது. வேலைக்கு வரும் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் மக்கைப் பின்னால் மறைத்துக்கொள்கிறார், நானும் சொம்பை மறைத்துக்கொள்கிறேன்.

என் ஜென்ம குணத்துக்கும் ஒரு வழி செய்திருக்கிறாள் மனைவி. பால்கனியில் அடியில் ஓட்டையே இல்லாத ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பு. அதில் சேறு, சேம்பு, ஒரு அல்லிக்கிழங்கு. "இது உங்க நஞ்சை. எவ்வளவு வேணும்னாலும் ஊத்திக்கோங்க." காலையில் காபி முடிந்ததும் அங்கேதான் போகிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து டம்ளரில் மிச்சமிருக்கும் தண்ணீரை ஹால் தொட்டிகளில் கவிழ்க்காமல் பால்கனிக்குக் கொண்டு வந்து அந்த டப்பில் ஊற்றவும். தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டை வைக்கும் என்று கப்பி மீன் விட்டிருக்கிறோம். மீனுக்குத் தீனி போடும் வேலை மகளிடம் இருக்கிறது. என்னிடம் கொடுக்கவில்லை.